ஒரு புள்ளி, ஒரு கோடு: கம்ப்யூட்டர் எதை மன்னிக்கும், எதை மன்னிக்காது?

என் தாய்மாமா விருதுநகர் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக நோட்டில் கணக்கு எழுதியவர். போன வருடம்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். எக்செல்லில் வரவு, செலவு எழுத நான்தான் ஒரு பைலைத் தயார் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு மாதம் எந்தப் பிரச்னையும் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் போன் வந்தது.

"மாப்ளே, கணக்கு உதைக்குது. கல்லாவுல 4,850 ரூபாய் குறையுது."

"நல்லா எண்ணிப் பார்த்தீங்களா மாமா?"

"நாலு தடவை எண்ணியாச்சு. கம்ப்யூட்டர் தப்பா கூட்டாதுன்னு நீதானே சொன்னே?"

சொன்னது நான்தான். அதனால் பதில் பேச முடியவில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. கடையில் ஆறு வருடமாக வேலை பார்க்கும் பையனிடம் இருந்து கல்லாச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாராம். ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார். "அந்தப் பிள்ளை மூணு நாளா சரியா சாப்பிடலப்பா" என்று அத்தை தனியாக என்னிடம் சொன்னார்.

சனிக்கிழமை பஸ் பிடித்து ஊருக்குப் போனேன். பைலைத் திறந்து, ஒவ்வொரு செல்லாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். செலவுப் பகுதியில், கடலை எண்ணெய் வியாபாரிக்குக் கொடுத்த தொகைக்கு நேராக மாமா இப்படி டைப் செய்திருந்தார்: 4850/-

அந்தச் சாய்கோடும் சிறு கோடும்தான் காரணம்.

கம்ப்யூட்டர் புதிதாக வாங்கியவர்கள் பலரும் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஒரு புள்ளி, ஒரு கமா, ஒரு எழுத்து மாறினால் என்ன சார் ஆகிவிடும்?" இதற்கு நான் முன்பெல்லாம் "எல்லாம் ரொம்ப முக்கியம்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவேன். அது சரியான பதில் இல்லை என்று எனக்குப் புரிய வைத்தது மாமாவின் எக்செல் பைல்தான். முதலில் அந்தப் பைலில் என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம். உங்கள் கம்ப்யூட்டரில் எக்செல் இருந்தால் கூடவே செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும்.

புதிய ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் பத்தியில் ஒன்றன் கீழ் ஒன்றாக 1200, 4850/-, 650, 2300 என்று நான்கு செல்களில் டைப் செய்யுங்கள். ஐந்தாவது செல்லில் சமக்குறி போட்டு, சம் பார்முலாவை டைப் செய்து, அடைப்புக்குறிக்குள் மேலே உள்ள நான்கு செல்களையும் மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். மனக்கணக்கில் 9,000 வர வேண்டும். எக்செல் காட்டுவது 4,150. எந்த எச்சரிக்கையும் இல்லை, சிவப்பு நிறமும் இல்லை.

காரணம் எளிமையானது. எக்செல்லுக்கு ஒரு செல்லில் இருப்பது எண்ணாக இருக்கலாம், அல்லது எழுத்தாக இருக்கலாம். 4850 என்பது எண். 4850/- என்பதில் எண்ணில் சேராத குறிகள் வந்துவிட்டதால் அது எழுத்து. உங்கள் பெயரை டைப் செய்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும். சம் பார்முலா தன் பாதையில் இருக்கும் எழுத்துச் செல்களைத் தாண்டிப் போய்விடும். இதைக் குறை என்றும் சொல்ல முடியாது. எண்களுக்கு நடுவே தலைப்புகள் இருந்தாலும் கூட்டல் வர வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

இப்போது ஆறாவது செல்லில், சம் பார்முலாவுக்குப் பதிலாக ஒவ்வொரு செல்லையும் கூட்டல் குறி போட்டு நேரடியாகக் கூட்டிப் பாருங்கள். விடை வராது. 'வேல்யூ' என்ற எரர் வரும். அதே தவறு, அதே செல், அதே கோடு. ஒரு வழியில் போனால் எக்செல் கத்துகிறது. இன்னொரு வழியில் போனால் வாயே திறக்காமல் தவறான விடையைத் தருகிறது.

மாமாவின் பைலில் செலவுக் கூட்டலில் இருந்து 4,850 விடுபட்டது. செலவு குறைந்ததால் கையிருப்பு அதே அளவு கூடுதலாகக் காட்டியது. கல்லாவில் அந்தப் பணம் இல்லை, எண்ணெய் வியாபாரியிடம் இருந்தது. இவ்வளவுதான் விஷயம்.

மாமா மேலும் தவறில்லை என்பேன். தொகைக்குப் பின்னால் அந்தக் கோடு போடுவது தாளில் எழுதுபவர்களின் நல்ல பழக்கம். கோடு போட்டு முடித்துவிட்டால் யாரும் பின்னால் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்து 4,850-ஐ 48,500 ஆக்க முடியாது. ஏமாற்றைத் தடுக்கத் தாளில் பிறந்த குறி, கம்ப்யூட்டருக்குள் வந்ததும் கணக்கையே விழுங்கிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நீங்களாக எதையும் மாற்றாத வரை எக்செல் எண்களை செல்லின் வலது ஓரத்திலும், எழுத்துகளை இடது ஓரத்திலும் நிறுத்தும். ஒரு தொகை மட்டும் இடது பக்கம் ஒட்டி நின்றால் அது எண் அல்ல. பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில 'ஓ' எழுத்தை அடித்தவர்களும் இப்படி மாட்டுவார்கள். மாமா அழகாக இருக்கட்டும் என்று எல்லா செல்களையும் நடுவில் வரும்படி மாற்றி வைத்திருந்தார். அதனால் அந்த அடையாளமும் மறைந்துவிட்டது. கணக்கு எழுதும் பத்திகளில் அழகு வேலையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ரூபாய்க் குறி வேண்டுமானால் அதை டைப் செய்யாமல், செல்லின் பார்மட்டில் கரன்சி என்பதைத் தேர்ந்தெடுத்தால் எக்செல்லே போட்டுக் காட்டும். உள்ளே எண் எண்ணாகவே இருக்கும்.

இன்னொரு வழி, கவுன்ட், கவுன்ட்ஏ என்ற இரண்டு பார்முலாக்கள். முதலாவது எண் உள்ள செல்களை மட்டும் எண்ணும். இரண்டாவது காலியாக இல்லாத எல்லாச் செல்களையும் எண்ணும். தொகைகள் உள்ள பத்திக்கு இரண்டையும் போட்டு, விடை வேறுபட்டால் எங்கோ ஓர் எழுத்து ஒளிந்திருக்கிறது.

ஆனால் இதிலும் பிடிபடாத ஒன்று இருக்கிறது. கமாவும் புள்ளியும் கீபோர்டில் அடுத்தடுத்த கீகள். 4,850 என்பதற்குப் பதில் 4.850 என்று விழுந்துவிட்டால் எக்செல் அதை நாலே முக்கால் ரூபாயும் பத்துப் பைசாவும் என்று எடுத்துக்கொள்ளும். அது சரியான எண். வலது பக்கம்தான் நிற்கும். கவுன்ட் பார்முலாவும் ஒன்றும் சொல்லாது. அரை கிலோ என்பதற்கு 1/2 என்று டைப் செய்தால் இன்னும் வேடிக்கை. இந்திய அமைப்பில் இருக்கும் கம்ப்யூட்டரில் அது பிப்ரவரி முதல் தேதி ஆகிவிடும். எக்செல் தேதிகளை 1900-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ணி வருகிறது. 2025 பிப்ரவரி முதல் தேதி அதன் கணக்கில் 45,689. கூட்டினால் உங்கள் அரை கிலோ அந்த எடைக்கு ஏறி நிற்கும். அரை வேண்டுமென்றால் 0.5 என்றோ, பூஜ்யம், ஒரு இடைவெளி, பிறகு 1/2 என்றோ டைப் செய்ய வேண்டும்.

இந்தத் தேதி விவகாரம் மளிகைக் கடையோடு நிற்கவில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு மார்ச் 1, செப்ட் 1 என்று படிக்கும்படியான சுருக்கப் பெயர்கள் இருந்தன. ஆராய்ச்சியாளர்கள் எக்செல்லில் போட்டதும் அவை தேதிகளாக மாறிவிட்டன. 2020-ம் ஆண்டு மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. எக்செல்லோடு மல்லுக்கட்ட முடியாது என்று விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்த கதை இது.

மாமாவின் பைலில் இருந்து நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். தவறு சிறியதா பெரியதா என்று பார்ப்பதில் பயனில்லை. தவறாக அடித்தது, வேறு ஏதாவது ஒன்றாகச் சரியாக அமைந்துவிடுகிறதா என்று பார்க்க வேண்டும். அமையாவிட்டால் கம்ப்யூட்டர் நின்று கேட்கும், உங்களுக்கு அரை நிமிடம் வீணாகும், அவ்வளவுதான். அமைந்துவிட்டால் அது கேட்காமல் வேலையை முடித்துவிடும்.

கடிதம் படிப்பவர் மனிதராக இருந்தால் இந்தக் கவலை குறைவு. 'நாளை வருகிறேன்' என்பதை 'நாளை வருகிறென்' என்று அடித்து அனுப்பினாலும் உங்கள் நண்பர் ரயில் நிலையத்துக்கு வந்துவிடுவார். இணையத்தில் தேடும் தளங்களும் இப்போது ஏறக்குறைய மனிதர்களைப் போலத்தான். எழுத்துப் பிழையோடு கேட்டாலும் 'இதைத்தானே கேட்டீர்கள்?' என்று சரியான சொல்லைக் காட்டும். புதியவர்கள் பலர் தேடுவதற்கே ஸ்பெல்லிங் தெரியாது என்று தயங்குகிறார்கள். தயங்கவே வேண்டாம். அங்கே தாராளமாகத் தப்பாக எழுதலாம்.

நின்று கேட்கும் இடங்களும் பயப்பட வேண்டியவை அல்ல. விண்டோஸில் ஒரு பைலுக்கு 'பில் 12/5' என்று பெயர் வைத்துப் பாருங்கள். சாய்கோடு, கேள்விக்குறி, முக்காற்புள்ளி போன்ற குறிகளைப் பெயரில் ஏற்க மாட்டேன் என்று சொல்லிவிடும். பாஸ்வேர்டில் பெரிய எழுத்து சிறிய எழுத்தாக மாறினால் கதவைத் திறக்காது. கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி அடித்தால் போதும். கல்லூரியில் முதல் வருடம் நான் எழுதிய முதல் சி புரோகிராமில் ஒரே ஒரு செமிகோலனை விட்டதற்கு ஒரு பக்கம் எரர் வந்தது. அன்று அழுகையே வந்துவிட்டது. இப்போது நினைத்தால் அந்த எரர்கள் எல்லாம் நல்ல நண்பர்கள்.

அதே சி மொழியில் கெட்ட நண்பனும் உண்டு. ஒற்றைச் சமக்குறி என்றால் 'இந்த மதிப்பை அங்கே வை' என்று பொருள். இரட்டைச் சமக்குறி என்றால் 'இரண்டும் சமமா என்று பார்' என்று பொருள். ஒன்றை விட்டுவிட்டால் கேள்வி கட்டளையாகிவிடும், இரண்டும் இலக்கணப்படி சரி. 2003 நவம்பரில் லினக்ஸ் இயக்க முறைமையின் மூல நிரலின் ஒரு பிரதியில் யாரோ திருட்டுத்தனமாக இரண்டு வரியைச் சேர்த்தார்கள். பயனாளர் எண் பூஜ்யமா என்று கேட்பது போலத் தோன்றும் வரி, ஆனால் சமக்குறி ஒன்றுதான் இருந்தது. லினக்ஸில் பூஜ்யம் என்பது கம்ப்யூட்டரின் முழு அதிகாரம் படைத்தவரின் எண். அந்த வரி நிலைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் அந்த அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்கலாம். மூலப் பிரதியோடு ஒப்பிட்டபோது பொருந்தாமல் போனதால் வெளியே வருவதற்குள் பிடிபட்டது. படித்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு அது ஒரு சாதாரண எழுத்துப் பிழை போலவே தெரிய வேண்டும் என்பதுதான் அதைச் செய்தவரின் திட்டம்.

இத்தகைய கதைகளில் மிகப் பழையது விண்வெளியில் நடந்தது. 1962 ஜூலை 22 அன்று வெள்ளிக் கோளை நோக்கி அமெரிக்கா ஏவிய மாரினர் 1 பாதை விலகிப் போனது. கிளம்பிய 293 வினாடிகளில் அதை நடுவானிலேயே அழித்துவிட்டார்கள். ஒரு ஹைபன் விடுபட்டதுதான் காரணம் என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் விடுபட்டது, சூத்திரத்தில் ஓர் எழுத்தின் தலைமேல் இருக்க வேண்டிய சிறு கோடு என்று பின்னாளில் விளக்கினார்கள். அந்தக் கோட்டுக்கு 'வேகத்தின் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களைச் சீராக்கி எடுத்துக்கொள்' என்று பொருள். அது இல்லாமல் போனதால் புரோகிராம் ஒவ்வொரு சிறு அசைவையும் பெரிய தவறாக நினைத்துத் திருத்தப் பார்த்தது. ராக்கெட்டில் இருந்த ஒரு கருவிக் கோளாறும் அன்று சேர்ந்துகொண்டது. இங்கேயும் கோடு இல்லாத சூத்திரம் ஒரு சரியான சூத்திரம்தான். அடுத்த மாதமே மாரினர் 2 கிளம்பி, அந்த டிசம்பரில் வெள்ளியை நெருங்கிக் கடந்தது.

ராக்கெட் நமக்கு எதற்கு? வீட்டில் இமெயில் அனுப்புகிறோம், பணம் அனுப்புகிறோம். இதே சோதனையை அங்கே வைத்துப் பார்க்கலாம்.

இமெயில் முகவரியில் ஓர் எழுத்து மாறி, அப்படி ஒரு முகவரியே இல்லாமல் இருந்தால் சில நிமிடங்களில் 'போய்ச் சேரவில்லை' என்று ஒரு கடிதம் உங்களுக்கே திரும்பி வரும். அதைப் பார்த்துக் கோபப்படாதீர்கள், சந்தோஷப்படுங்கள். அப்படி ஒரு முகவரி இருந்துவிட்டால் திரும்பி வராது. உங்கள் மகளின் மதிப்பெண் பட்டியலை முகம் தெரியாத ஒருவர் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் பதிலுக்குக் காத்திருப்பீர்கள். ஜிமெயில் மட்டும் ஒரு விஷயத்தில் தாராளம். பயனாளர் பெயரின் நடுவே புள்ளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒரே பெட்டிதான். ஆனால் இதை எல்லா இமெயில் சேவைகளுக்கும் பொருத்திப் பார்க்காதீர்கள். வேறு இடங்களில் புள்ளி உள்ள பெயர் ஒருவருக்கும், இல்லாத பெயர் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம்.

முகவரியின் கடைசிப் பகுதி இன்னும் கவனிக்க வேண்டியது. டாட் காம் என்பதில் 'ஓ' விடுபட்டால் அது கேமரூன் நாட்டின் முகவரி. 'சி' விடுபட்டால் ஓமன் நாட்டின் முகவரி. அமெரிக்க ராணுவத்தின் முகவரிகள் எம், ஐ, எல் என்ற மூன்று எழுத்தில் முடியும். நடுவில் உள்ள 'ஐ' விடுபட்டால் அது ஆப்பிரிக்காவில் உள்ள மாலி நாட்டின் முடிவு. இப்படி ராணுவத்துக்குப் போக வேண்டிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் மாலியின் முகவரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தன என்ற செய்தி 2023 ஜூலையில் வெளியானது. மருத்துவ அறிக்கைகள், பயணத் திட்டங்கள் எல்லாம் அதில் அடக்கம். அத்தனை பாதுகாப்பு வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி என்றால் நாம் எம்மாத்திரம்?

வங்கியின் தளத்துக்குப் போகும்போது முகவரியை ஒவ்வொரு முறையும் டைப் செய்யாதீர்கள். ஒரு முறை நிதானமாக, சரிபார்த்து டைப் செய்து, உள்ளே போனதும் அதை பேவரைட்ஸ் அல்லது புக்மார்க்கில் சேமித்து வையுங்கள். பிரபலமான பெயர்களில் ஓர் எழுத்தை மாற்றி, தளம் நடத்தி, உங்கள் பாஸ்வேர்டுக்காகக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தொழிலே உங்கள் எழுத்துப் பிழைதான்.

பணம் அனுப்பும் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் தினமும் பார்க்கும் சில எண்களுக்குள் ஒரு காவலாளி உட்கார்ந்திருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. கிரெடிட் கார்டு, டெபிட் கார்டு எண்களின் கடைசி இலக்கம் அப்படிப்பட்டது. முன்னால் உள்ள இலக்கங்களை வைத்துக் கணக்குப் போட்டு அதை அமைக்கிறார்கள். ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. சின்ன எண்ணில் போட்டுக் காட்டுகிறேன்.

நம் எண் 573 என்று வையுங்கள். வலது கோடியில் உள்ள 3-ஐ இரட்டிப்பாக்கினால் 6. அடுத்த 7-ஐ அப்படியே விடுங்கள். அதற்கடுத்த 5-ஐ இரட்டிப்பாக்கினால் 10. இரண்டு இலக்கம் வந்துவிட்டதால் இரண்டையும் கூட்டி 1 என்று எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 6, 7, 1 சேர்ந்து 14. இதைப் பத்தின் மடங்காக்க இன்னும் 6 வேண்டும். ஆகவே காவலாளி 6, முழு எண் 5736. இப்போது கை தவறி 5786 என்று அடிக்கிறீர்கள். 8-ஐ இரட்டித்தால் 16, அதன் கூட்டல் 7. அதோடு 7, 1, கடைசியில் உள்ள 6 எல்லாம் சேர்ந்து 21. பத்தின் மடங்கு இல்லை, பிடிபட்டது. ஏதாவது ஓர் இலக்கம் மாறினால் இந்த முறை கட்டாயம் கண்டுபிடித்துவிடும். பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும், 09 என்பது 90 ஆவதைத் தவிர மற்றதைப் பிடித்துவிடும். ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கமும் காவலாளிதான், ஆனால் வேறு முறை. வெர்ஹோப் என்ற டச்சுக் கணித அறிஞர் 1969-ல் வெளியிட்டது. அதில் அந்த 09, 90 ஓட்டையும் கிடையாது. அதனால்தான் ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பெரும்பாலும் இன்னொருவருடையதாக ஆகாமல், எண்ணே தவறு என்று வருகிறது. வங்கிக் கிளையைக் குறிக்கும் ஐஎப்எஸ்சி கோடில் வேறு ஓர் ஏற்பாடு. பதினொரு இடங்களில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே 'ஓ' எழுத்தை அடித்தால் ஏற்காது.

செல்போன் எண்ணில் இப்படிக் காவலாளி யாரும் இல்லை. ஓர் இலக்கம் மாற்றி ரீசார்ஜ் செய்தால் யாரோ ஒருவர் உங்கள் செலவில் பேசுவார். வங்கிக் கணக்கு எண்ணையும் அப்படியே நினைத்துக்கொண்டு நடந்துகொள்வதுதான் நல்லது. நெப்ட் போன்ற முறைகளில் பணத்தைச் சேர்ப்பது கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான். 2010-ம் ஆண்டே ரிசர்வ் வங்கி இதைத் தெளிவாக்கிவிட்டது. பெயரை ஸ்பெல்லிங் மாறாமல் எழுதி, எண்ணில் கோட்டை விட்டால் பயனில்லை. நாம் பெயரை மூன்று முறை சரிபார்ப்போம், எண்ணை ஒரு முறைதான் பார்ப்போம். நேர்மாறாக இருக்க வேண்டும். 2025 ஏப்ரலில் இருந்து நெப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளிலும் எண்ணைக் கொடுத்ததும் கணக்குக்கு உரியவரின் பெயரைக் காட்டும் வசதி வந்திருக்கிறது. அந்தப் பெயரைப் படிக்காமல் அடுத்த பட்டனைக் கிளிக் செய்துவிடாதீர்கள். புதியவருக்கு அனுப்புவதாக இருந்தால் நான் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று போனில் கேட்டுக்கொள்வேன். நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும்.

எழுத்துப் பிழை பணத்தைக் காப்பாற்றிய கதையும் உண்டு. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்த திருடர்கள், அமெரிக்காவில் இருந்த அதன் கணக்கில் இருந்து பணம் அனுப்பச் சொல்லி வரிசையாக உத்தரவுகள் போட்டார்கள். 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்விட்டது. இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு 2 கோடி டாலர் அனுப்பும் உத்தரவில் மட்டும் 'பவுண்டேஷன்' என்ற சொல்லைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்கள். வழியில் இருந்த ஒரு வங்கியில் அதைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்து விளக்கம் கேட்டார்கள். அந்தப் பணம் திரும்பி வந்தது. இயந்திரத்துக்கு அந்த ஸ்பெல்லிங் ஒரு பொருட்டே அல்ல. மனிதர் ஒருவர் படித்ததால்தான் பிடிபட்டது. நம்மை ஏமாற்ற வரும் இமெயில்களிலும் பல நேரம் இந்த அடையாளம் இருக்கும். ஆனால் இப்போது பிழையே இல்லாமல் எழுதித் தரும் மென்பொருள்கள் எல்லோர் கையிலும் இருப்பதால், பிழை இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு கடிதத்தை நம்பிவிடக் கூடாது.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஔவையார் என்ற பெயரின் முதல் எழுத்து யூனிகோடில் ஒரே எழுத்து. பலர் ஒ எழுத்தையும் ள எழுத்தையும் அடுத்தடுத்துப் போட்டு ஒளவையார் என்று அடித்துவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கௌரி, கெளரி என்பதும் இப்படியே. முதலாவதில் இருப்பது ஔகாரக் குறி, இரண்டாவதில் இருப்பது எகரக் குறியும் ள எழுத்தும். துணைக்காலுக்குப் பதில் ர எழுத்தைப் போடுபவர்களும் உண்டு. படிப்பவருக்குக் கஷ்டமில்லை. ஆனால் கண்ட்ரோல் கீயுடன் எஃப் கீயை அழுத்தித் தேடிப் பாருங்கள், கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயரைக் காணவில்லை என்று சொல்லும். என் அக்கா கல்யாணத்துக்கு உறவினர் பட்டியலை நான்தான் டைப் செய்தேன். ஒரு சித்தியின் பெயர் தேடியபோது வராததால் மறுபடி சேர்த்தேன். ஒரே வீட்டுக்கு இரண்டு பத்திரிகை போயிற்று. அது பரவாயில்லை. தேடினால் வரவில்லை என்பதற்காக இல்லை என்று முடிவு கட்டுவதுதான் ஆபத்து. யூனிகோட் கீபோர்டில் ஔ, ௌ இரண்டையும் எப்படி டைப் செய்வது என்று இன்றே பார்த்து வையுங்கள்.

மாமாவின் கடையில் அன்று மாலை என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. 4850/- என்ற செல்லில் இருந்து கோட்டை அழித்து என்டர் தட்டியதும் கையிருப்பு கல்லாவோடு ரூபாய் பிசகாமல் ஒத்துப்போனது. மாமா ஒரு நிமிடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து கடைக்குப் போனார். பையனிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. நான் சாப்பிட்டுவிட்டுப் போய்ப் பார்த்தபோது சாவிக்கொத்து பையனின் இடுப்பில் இருந்தது.

இப்போது எக்செல்லில் தினமும் பதிவு போடுவது அந்தப் பையன்தான். மாமா முன்பு போலவே நோட்டில் எழுதுகிறார், கடைசியில் கோடு போட்டுத்தான். இரவு கடை சாத்தும்முன் இருவரும் இரண்டு கூட்டலையும் ஒத்துப் பார்த்துக்கொள்கிறார்கள்.